ஆயிரம் காகிதக் கொக்குகள்: ஜப்பானியர்கள் ஏன் மடிக்கிறார்கள்?

சிவகாசிக்கு ‘குட்டி ஜப்பான்’ என்று ஒரு பேர் உண்டு. காரியாபட்டியில் இருந்து சிவகாசி வரைக்கும் நம்ம மாவட்டத்தில் காகிதம் என்றாலே பிழைப்புதான். பட்டாசுக்குக் குழாய் சுத்தணும், காலண்டர் அடிக்கணும், நோட்டு தைக்கணும். நிஜ ஜப்பானில் காகிதத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கு: நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் கொக்காகத் தொங்குவது.

ஏன் கொக்கு?

கொக்கு ஆயிரம் வருஷம் வாழும் என்பது ஜப்பானியர்களின் பழைய நம்பிக்கை. அதனால் அது நீண்ட ஆயுளின் அடையாளம். கல்யாண வீட்டு அலங்காரத்திலும் அதைப் பார்க்கலாம். ஒரு சதுரக் காகிதம் போதும். பசை வேண்டாம், கத்தரி வேண்டாம். கொக்கு மடிப்பதற்கென்றே 1797-ல் கியோட்டோவில் ஒரு புத்தகம் வெளியானது.

‘செம்பாசுரு’ என்றால் என்ன?

ஆயிரம் கொக்குகளை நூலில் கோத்த கொத்து. பெரும்பாலும் 40 கொக்குகள் வீதம் 25 சரங்கள். மடித்தால் வேண்டுதல் பலிக்கும் என்பது நம்பிக்கை. ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக மடித்துச் சேர்த்துக் கொடுப்பார்கள்.

சமாதானச் சின்னம் ஆனது எப்படி?

1945 ஆகஸ்ட் 6. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது சடாகோ சசாகிக்கு 2 வயது. அன்றைக்குத் தப்பித்துவிட்டாள். ஆனால் 1955-ல் ரத்தப் புற்றுநோய் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருந்து சுற்றிவந்த காகிதத்தில்கூட கொக்கு மடித்தாள். அந்த அக்டோபர் 25-ல் இறந்துபோனாள், 12 வயதில்.

644 கொக்கோடு அவள் இறந்துவிட்டதாக ஒரு கதை பரவலாக இருக்கு. அது 1977-ல் வந்த ஒரு சிறுவர் நாவலில் உள்ளது. உண்மையில் அவள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டாள் என்கிறது அவள் குடும்பம். ஆயிரம் மடித்தும் பிழைக்கவில்லை என்பதுதான் இன்னும் வலிக்கிறது.

அவளோடு படித்த பிள்ளைகள் நிதி திரட்ட, 1958-ல் ஹிரோஷிமாவில் சிறுவர் சமாதான நினைவுச்சின்னம் எழுந்தது. இன்றைக்கும் உலகம் முழுவதிலும் இருந்து வருஷத்துக்குச் சுமார் 1 கோடி கொக்குகள் அங்கே வந்து சேருகின்றன. எடை சுமார் 10 டன்.

அவ்வளவையும் என்ன செய்வார்கள்?

மறுசுழற்சி செய்து போஸ்ட்கார்டு, நோட்டு என்று மாற்றுகிறார்கள்.

வெடிச் சத்தம் கேட்டாலே ‘யாருக்கு என்னாச்சோ’ என்று பதறி ஓடுகிற ஊர்க்காரர்கள் நாம். ஒரு பிள்ளை பிழைக்கணும் என்று காகிதம் மடித்த கதையை நமக்கு யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை.