காலி நாற்காலியின் கணக்கு

படிப்பு முடியும் முன்போ முடிந்த உடனேயோ ஒரு நிறுவனத்தில் சில மாதங்கள் இருந்து தொழிலைக் கைப்பழக்கமாகக் கற்பதை இன்டர்ன்ஷிப் என்றும் தமிழில் உள்ளகப் பயிற்சி என்றும் கூறுவர். அதனை அயல்நாட்டில், அதிலும் பல சிறு நிறுவனத்தாரும் தனித்தொழில் செய்வோரும் ஒரே கூடத்தில் வாடகைக்கு இடம்பிடித்து வேலை பார்க்கும் ‘கோ-வொர்க்கிங்’ எனப்படும் பகிர்வுப் பணியிடமொன்றின் மார்க்கெட்டிங் பிரிவில் மேற்கொள்வது மேலாண்மை மாணவர்களுக்குத் திறந்துள்ள வழிகளில் ஒன்று. திருச்சி மன்னார்புரத்தைச் சூழ்ந்த பகுதிக்கு இது தொலைவான செய்தியன்று: காஜாமலையில் பாரதிதாசன் பல்கலைக்கழக வளாகமும், அருகில் 1951-இல் தொடங்கப்பட்ட ஜமால் முகமது கல்லூரியும், புதுக்கோட்டைச் சாலைப் பக்கம் 2011-இல் தோன்றிய இந்திய மேலாண்மைக் கழகமும் உள்ளன, சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் கொழும்புக்கும் நேரடியாகப் பறக்கும் விமான நிலையமும் சில கிலோமீட்டரிலேயே இருக்கிறது. ஆயினும் போவது எளிதாகிவிட்டதால் கற்பது உறுதியாகிவிடுவதில்லை. அங்கே கற்க என்ன உண்டு என்பதை அத்தொழில் நடக்கும் முறையிலிருந்தே அறிய வேண்டும்.

இத்தொழில் பிறந்த நாளிலேயே விற்பனைச் சிக்கலும் உடன் பிறந்தது. பிராட் நியூபெர்க் என்ற மென்பொருளாளர் 2005 ஆகஸ்ட் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கிடைத்த ஒரு வாடகைக் கூடத்தில் முதல் பகிர்வுப் பணியிடத்தைத் திறந்தபோது, மேசைகள் இருந்தன, இணைய இணைப்பு இருந்தது, முதல் மாதம் முழுவதும் ஆள்தான் வரவில்லை. 2010-இல் நியூயார்க்கில் தொடங்கி உலகெங்கும் கிளைபரப்பிய வீவொர்க் நிறுவனம் 2023 நவம்பரில் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றத்தை நாட நேர்ந்ததற்கும் அச்சிக்கலின் பெரிய வடிவமே ஒரு முக்கியக் காரணம். கட்டட உரிமையாளரிடம் பல ஆண்டுக் குத்தகைக்கு இடத்தை எடுத்து, அதை மாத வாடகைக்கும் நாள் வாடகைக்கும் பிரித்துக் கொடுப்பவருக்குச் செலவு நிலையாக நிற்க, வரவு மட்டும் மாதந்தோறும் ஆடிக்கொண்டிருக்கிறது. இன்று காலியாகக் கிடந்த நாற்காலியை, காலியாகப் புறப்பட்ட பேருந்தின் இருக்கையைப் போல, நாளைக்குச் சேர்த்து விற்க முடியாது.

ஆகவே, இங்கே மார்க்கெட்டிங் என்பது விளம்பரப் படம் வடிவமைப்பதோடு நிற்பதன்று. அது அடிப்படையில் ஒரு கணக்கு. ஓரிடத்தில் 100 இருக்கைகள் இருந்து, அவை நிறைந்தும் இருந்து, மாதத்துக்கு 5 பேர் விலகுகிறார்கள் என்று கொண்டால், ஒரு நாற்காலிகூடப் புதிதாகக் கூடாமல் இருந்த நிலையிலேயே நிற்பதற்கு ஆண்டில் 60 புதியவர்களைப் பிடித்தாக வேண்டும். விலகல் 3 பேராகக் குறைந்தால் தேவை 36 ஆகிவிடும். இருப்பவரைத் தக்கவைப்பதும் விற்பனையே என்ற பாடம் இவ்விரு எண்களுக்கிடையில் இருக்கிறது. பாடநூலில் விலகல் விகிதம் என்று ஒரு வரியாக வரும் இதனை, வாடிக்கையாளர் எதிர்மேசையிலேயே அமர்ந்திருக்கும் தொழிலில் கண்ணெதிரே காண இயலும்.

பயிற்சி மாணவர் இதனை மிக நெருங்கிக் காணும் தருணம், விசாரித்து வந்தவருக்கு இடத்தைச் சுற்றிக் காட்டும் அரைமணி நேரமாகும். எந்த இருக்கையிலும் அமரலாம் என்ற ஹாட் டெஸ்க், தனக்கென ஒதுக்கிய மேசை, மணிக்கணக்கில் கிடைக்கும் கூட்ட அறை ஆகியவற்றின் விலைப்பட்டியலை ஒப்பிப்பவரைவிட, “தங்களுக்கு என்ன தொழில்?” என்று முதலில் கேட்டு, மென்பொருள் எழுதுபவரைச் செயலி வடிவமைப்பாளரிடமும், ஏற்றுமதி செய்பவரைக் கணக்காளரிடமும் அறிமுகப்படுத்துபவரே பெரும்பாலும் ஆளைச் சேர்க்கிறார். விற்கப்படுவது நாற்காலி எனினும், வாங்கப்படுவது அக்கம்பக்கம். எந்த விளம்பரத்தைப் பார்த்து எத்தனை பேர் விசாரித்தனர், அவர்களில் நேரில் வந்தவர் எத்தனை பேர், பணம் கட்டியவர் எத்தனை பேர் என்று வாரந்தோறும் பதிந்துவரும் மாணவர், பணம் எந்தப் படியில் வீணாகிறது என்பதையும் கற்றுவிடுகிறார்.

இவையெல்லாம் கிடைக்குமா, காப்பி இயந்திரத்தைத் துடைப்பதில் மாதங்கள் கழியுமா என்பதைத் தீர்மானிப்பது பெரிதும் புறப்படுமுன் கைக்கு வரும் தாள்களே. அமெரிக்காவின் ஜே-1 விசாவில் செல்லும் உள்ளகப் பயிற்சியாளருக்கு எழுத்துவடிவிலான பயிற்சித் திட்டம் கட்டாயம். வாரத்துக்குக் குறைந்தது 32 மணி நேரப் பயிற்சி இருக்க வேண்டும், எழுத்தர் வேலை 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பவை அதன் விதிகள். சிங்கப்பூரில் இத்தகைய பயிற்சிக்கென வழங்கப்படும் அனுமதிகளுள் ஒன்று மூன்று மாதங்களுக்கு மட்டுமே உரியது. அதற்கு விண்ணப்பிக்க வேண்டியவர் மாணவர் அல்லர், நிறுவனத்தார். சுற்றுலா விசாவில் வந்து சேர்ந்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று எவரேனும் கூறினால், அச்சொல்லே எச்சரிக்கையாகும்.

இந்த எச்சரிக்கைக்குத் தக்க காரணம் உண்டு. தாய்லாந்தில் ‘டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங்’ அதிகாரிப் பதவி என்று ஆசைகாட்டி இந்திய இளைஞர்களை அழைத்துச் சென்று, மியான்மருக்குள் சட்டவிரோதமாகக் கடத்தி, இணைய மோசடி வேலையில் அடைத்துவைக்கும் கும்பல்களைப் பற்றி இந்திய வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் அறிவிப்பு வெளியிட்டது; அவ்வாறு சிக்கியோரில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தனர். கணினியும் பேச்சுத்திறனும் உடையவர்களே அக்கும்பல்களுக்குத் தேவை என்பதால், மார்க்கெட்டிங் என்ற சொல் நல்ல தூண்டிலாயிற்று. பயிற்சியளிக்கும் நிறுவனத்தின் பதிவு, விசாவின் வகை, மேற்பார்வையாளரின் பெயர் ஆகிய மூன்றையும் எழுத்தில் பெற்று, அந்நாட்டு இந்தியத் தூதரகத்தின் வழியே நிறுவனத்தைச் சரிபார்த்த பின்னரே பயணச்சீட்டு வாங்குவது முறை.

திரும்பி வருபவர் கொண்டுவர வேண்டியது அங்கே கண்ட அலங்காரம் அன்று. தஞ்சாவூரிலும் சேலத்திலும் 2024 செப்டம்பரில் ‘டைடல் நியோ’ எனப்படும் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் திறக்கப்பட்டதைப் போல, பெருநகரத்துக்கு வெளியே அலுவலக இடம் பெருகிவரும் காலம் இது. எனினும் திருச்சியில் இடம் தேடி வருபவர், அக்கம்பக்கத்தைக் காட்டிலும் ஜிஎஸ்டி பதிவுக்குக் காட்ட ஒரு முகவரியையும், தடைபடாத மின்சாரத்தையும், பைக் நிறுத்த நிழலையும் முதலில் கேட்கக்கூடும். சிங்கப்பூரில் பயன்பட்ட விடையை அவரிடம் ஒப்பிக்காமல், அங்கே கேட்கப் பழகிய அதே கேள்வியை அவரிடமும் கேட்டு, விடையைப் பதிந்துகொண்டு, அதற்கேற்ப நாற்காலியை நிரப்புபவரே பயிற்சியை முடித்தவராவார்.