யுத்த மண்டபத்தில் ஒரு பெண்ணும் இல்லை

ஹாஸ்யத்தை ஆயுதமாகக் கொண்டு அதிகாரத்தின் பேதைமையைச் சாடிய திரைப்படங்களில் பெண்களுக்கு என்ன ஸ்தானம் கிடைத்தது என்று ஆராயப் புகுவோர், ஸ்டான்லி குப்ரிக் 1964-ஆம் ஆண்டில் அளித்த ‘டாக்டர் ஸ்டிரேஞ்ச்லவ்’ படத்தை ஒதுக்கிவிட முடியாது. பீட்டர் ஜார்ஜ் எழுதிய, சிரிப்புக்கு இடமே தராத ஒரு நாவலை ஆதாரமாகக் கொண்ட அப்படத்தில், சித்தம் பேதலித்த அமெரிக்க ஜெனரல் ரிப்பர் தன்னிச்சையாக அணுகுண்டு விமானங்களை ருஷ்யாவின் மீது ஏவிவிட, அவற்றைத் திருப்பி அழைக்க வழியறியாது ஜனாதிபதியும் தளபதிகளும் யுத்த மண்டபத்தில் கூடித் தவிக்கிறார்கள். பீட்டர் செல்லர்ஸ் ஒருவரே மூன்று வேஷங்களில் வரும் அக்கதையில், பெண் பாத்திரம் ஒன்றே ஒன்றுதான்.

ஜெனரல் டர்ஜிட்சனின் காரியதரிசியான மிஸ் ஸ்காட், டிரேசி ரீட் ஏற்ற வேஷம். நீச்சலுடையில் விளக்கொளியின் கீழ்ப் படுத்திருக்கும் அவள், தொலைபேசி மணி அடித்ததும், குளியலறையில் இருக்கும் ஜெனரலுக்காகத் தானே எடுத்துப் பேசுகிறாள். விமான தளத்தின் பெயர், படைப்பிரிவின் எண், தாக்குதல் திட்டத்தின் குறியீடு ஆகிய அனைத்தையும் ஓர் எழுத்துப் பிசகாமல் உள்ளே ஒப்பிக்கிறாள். உள்ளிருந்து வரும் பதில்களை மரியாதையான வார்த்தைகளாக்கித் திருப்பிச் சொல்கிறாள். உலக நாசத்தின் முதல் தகவல் மேலிடத்தை எட்டுவது அவள் வாய்மொழியாகத்தான்; ஆனால் அதைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதே நடிகை விமானத்துக்குள் ஒரு சஞ்சிகைப் படமாகவும் காட்சி தருகிறாள். அங்கே அவள் மேனியில் கிடப்பது ‘ஃபாரின் அஃபேர்ஸ்’ என்னும் ராஜதந்திர ஏடு.

பெண் இல்லாமையே இங்கே குற்றச்சாட்டு என்பது என் அபிப்பிராயம். பெண்கள் தம் சக்தியை உறிஞ்சிவிடுவார்கள் என்ற ரிப்பரின் பீதிக்கும், அணுகுண்டு நாசத்துக்குத் தப்பிச் சுரங்கங்களில் ஒளிந்து பிழைக்கப்போகும் ஆண் ஒவ்வொருவனுக்கும் பத்துப் பெண்கள் வீதம் வேண்டும் என்று ஜனாதிபதியின் விஞ்ஞான ஆலோசகரான டாக்டர் ஸ்டிரேஞ்ச்லவ் போடும் கணக்குக்கும் வேர் ஒன்றே. அந்த யோசனையைக் கேட்டவுடன், அப்படியானால் ஏகபத்தினி விரதத்தைக் கைவிட நேருமோ என்று டர்ஜிட்சன் வினவுகிறார்; அந்த மண்டபத்தில் பதில் சொல்ல ஒரு பெண் கூட இல்லை.

ஆயினும், அந்த ஆண்களின் பார்வையைத் தோலுரிக்க முற்பட்ட காமிரா மிஸ் ஸ்காட்டின் மீது மட்டும் அதே பார்வையைத்தான் பதிக்கிறது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. 1940-இலேயே ஹாவர்ட் ஹாக்ஸ், ‘தி ஃப்ரண்ட் பேஜ்’ நாடகத்தில் ஆணாக இருந்த நிருபரைப் பெண்ணாக்கி, ‘ஹிஸ் கேர்ள் ஃபிரைடே’யில் ராசலிண்ட் ரஸ்ஸலை ஆண் நிருபர்களின் நடுவே சரிக்குச் சரி வாதாட விட்டிருக்க, தகவல் அனைத்தையும் பிழையின்றி உரைத்த மிஸ் ஸ்காட்டுக்குத் தன் சொந்தக் கருத்தைச் சொல்ல ஒரே ஒரு வாக்கியத்தையாவது குப்ரிக் அளித்திருக்கலாம்.