மண்ணுக்குள் எமன்! காட்டிக் கொடுக்கும் ஆண்டெனா

கம்போடியாவில் பல ஆண்டுகள் நடந்த உள்நாட்டு யுத்தம் 1998-ம் ஆண்டோடு ஓய்ந்தது. ஆனால், யுத்தத்தில் புதைத்த கண்ணி வெடிகள் ஓயவில்லை. வயலுக்குப் போன உழவர்கள் காலை இழந்தார்கள். விளையாடப் போன சிறுவர்கள் உயிரை இழந்தார்கள்.

அந்த வெடிகளில் ஒன்று, சீனாவில் செய்த "72-ம் ரகம்". அகலம் 8 சென்டிமீட்டர். உயரம் 4 சென்டிமீட்டர். கூடு பிளாஸ்டிக்கால் ஆனது. உள்ளே உலோகம் மிகமிகக் கொஞ்சம்!

உலோகம் காட்டும் கருவியால் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கருவியைக் கூர்மையாக்கினால், ஆணிக்கும் தகரத் துண்டுக்கும்கூட அது சத்தம் போடும். ஒவ்வொரு சத்தத்துக்கும் மண்டியிட்டு, மண்ணைக் கிளறிப் பார்க்க வேண்டும்.

எதிரொலி

வேறு வழி என்ன?

கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி வரும் அல்லவா? அதுபோல, மண்ணுக்குள் ரேடியோ அலையை அனுப்பினால், புதைந்திருக்கும் பொருளில் பட்டுத் திரும்பும். பிளாஸ்டிக் ஆனாலும் திரும்பும்.

இதில் ஒரு சிக்கல். தரையில் பட்ட அலைதான் முதலில் திரும்பும். அது பலமானது. 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் வெடியின் எதிரொலி அதன் பின்னாலேயே வரும். இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு? ஒரு வினாடியை 100 கோடி பங்கு போட்டால், ஏறக்குறைய ஒரு பங்குதான்!

ஆகவே, அனுப்பும் அலை நொடித்து மறையும் துடிப்பாக இருக்க வேண்டும்.

மணியும் கட்டையும்

கோவில் மணியை ஒரு தடவை அடித்தால் ரீங்காரம் நெடுநேரம் கேட்கும். மரக்கட்டையைத் தட்டினால் "டக்" என்று நின்றுவிடும்.

சாதாரண ஆண்டெனா மணியைப் போன்றது. மின்சாரம் கம்பியின் நுனி வரை ஓடும், முட்டித் திரும்பும், மறுபடி ஓடும். ஒவ்வொரு தடவையும் அலை கிளம்பும். அந்த ரீங்காரத்தில் வெடியின் மெல்லிய எதிரொலி அமுங்கிப் போகும்.

குறுகிய துடிப்புக்குள் பலவித அலைகள் கலந்திருக்கின்றன. எல்லாவற்றையும் அனுப்பினால் மட்டும் போதாது. ஒரே சமயத்தில் அனுப்ப வேண்டும். சுருள் வடிவ ஆண்டெனா எல்லா அலைகளையும் அனுப்பும். ஆனால் ஒன்று முன்னே போகும், ஒன்று பின்னே போகும். தாளம் தப்பிய பஜனைதான்! துடிப்பு நீண்டுவிடும்.

1965-ல் வந்த வழி

ஹார்வர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகள் வூ, கிங் இருவரும் 1965-ம் ஆண்டில் ஒரு வழி சொன்னார்கள். நுனியை நெருங்க நெருங்க, கம்பியில் மின்தடையைக் கூட்ட வேண்டும். மின்சாரம் போகிற வழியிலேயே அடங்கிவிடும். திரும்பி ஓடாது.

இதில் நஷ்டமும் உண்டு. சக்தியில் ஒரு பகுதி வெறும் சூடாகப் போய்விடும். பரவாயில்லை! இங்கே தேவை உரத்த குரல் அல்ல, சுத்தமான குரல்.

உலோகம் காட்டும் கருவியையும் ரேடியோ துடிப்பையும் ஒரே கைத்தடியில் சேர்த்தார்கள். அப்படிப்பட்ட "மைன்ஹவுண்டு" என்ற கருவியை, 2005-ம் ஆண்டு வாக்கில் கம்போடியா, போஸ்னியா, அங்கோலா நாடுகளில் சோதித்துப் பார்த்தார்கள்.

கருவி காதில் சத்தம் கொடுக்கும். கீழே கிடப்பது ஆணியா, எமனா? அதை முடிவு செய்வது, தடியைப் பிடித்து நிற்கும் மனிதன்தான். அவன் காலை எடுத்து வைப்பது அந்த முடிவை நம்பித்தான்!