130 ஆண்டுகளாகத் தண்ணீரில் நிற்கும் மரங்கள்! தேக்கடி ஏரியில் விடியற்காலைப் படம்

தேக்கடி ஏரியில் பொழுது விடிகிறது. தண்ணீர் மேல் வெள்ளை வெளேர் என்று பனிமூட்டம். அதற்குள்ளிருந்து கறுப்புக் கறுப்பாக மரங்கள் எட்டிப் பார்க்கின்றன. ஒன்றில்கூட இலை கிடையாது. பல மரங்களுக்குக் கிளையும் கிடையாது. ஒரு மொட்டை மரத்தின் உச்சியில் நீர்க்காகம் உட்கார்ந்திருக்கிறது.

இந்தக் காட்சியைக் காலண்டரில் பார்த்திருப்பீர்கள். இப்போது கைபேசியிலும் பார்க்கிறீர்கள். இதைப் படம் பிடிக்கவே காமிராவும் கையுமாகப் பலர் வருகிறார்கள். இடம், கேரளத்தின் இடுக்கி மாவட்டம். தேனி மாவட்டத்துக்காரர்கள் மலை ஏறினால் குமுளி. அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.

மூழ்கிய காடு

அந்த மரங்கள் அழகுக்காக நட்டவை அல்ல. அங்கே இருந்த மழைக்காட்டின் மிச்சம் அவை!

1895-ஆம் ஆண்டு முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்தது. கட்டியவர் வெள்ளைக்கார என்ஜினீயர் பென்னிகுவிக். அரபிக் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த தண்ணீரை அவர் மறித்தார். மலையைக் குடைந்து, கிழக்கே வைகைப் பக்கம் திருப்பினார். கம்பம் பள்ளத்தாக்கும் மதுரைச் சீமையும் பிழைத்தன. அணைக்குப் பின்னால் இருந்த பள்ளத்தாக்கு மூழ்கியது. மரங்கள் நின்ற இடத்திலேயே செத்தன.

செத்தும் விழவில்லையே, எப்படி? மரம் மக்குவதற்குக் காற்று வேண்டும். தண்ணீருக்கு அடியில் காற்று குறைவு. அதனால் அடிமரம் கெட்டியாக நிற்கிறது. ஒரு மாதம் நனைந்து, ஒரு மாதம் காய்கிறதே, அந்த இடம்தான் முதலில் அரித்துப்போகிறது. அரித்தால் ஒரு நாள் ஒடிந்து விழும். விழுந்த மரத்துக்குப் பதிலாக அங்கே இன்னொரு மரம் முளைக்கப் போவதில்லை. பத்து ஆண்டு கழித்து எடுக்கும் படத்தில் இன்றைக்கு இருக்கும் மரம் எல்லாம் இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு வேடிக்கை. தண்ணீர் இறங்கினால் மரங்கள் நிறையத் தெரியும், படக்காரருக்குக் கொண்டாட்டம். தண்ணீர் ஏறினால் விவசாயிக்குக் கொண்டாட்டம், மரங்கள் முங்கிவிடும். 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. அந்த 142-க்காகக் காத்திருப்பவர்களிடம் போய், "மரம் தெரியவில்லையே!" என்று சொல்லிப் பாருங்கள்!

பனி எப்படி வருகிறது?

மழைக்காலம் முடிந்த பிறகு, வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில் மலை சீக்கிரம் குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று சரிவில் இறங்கி ஏரிமேல் படியும். ஏரித் தண்ணீரிலோ பகல் சூடு இன்னும் மிச்சம் இருக்கும். அதிலிருந்து எழும் ஆவி குளிர்ந்த காற்றில் பட்டுப் பனியாகிறது. வெயில் ஏறினால் கலைந்துவிடும்.

பஞ்சாங்கத்தில் 6.30 மணிக்கு உதயம் என்று இருந்தாலும், மலையைத் தாண்டிச் சூரியன் தலைகாட்ட மேலும் நேரம் ஆகும். முதல் படகு புறப்படுவது காலை 7.30 மணி அளவில். அப்போதும் மூட்டம் மிச்சம் இருந்தால் அதிர்ஷ்டம்தான்.

காமிராவை ஏமாற்றும் வெள்ளை

பனியைக் கண்டு காமிரா ஏமாந்துபோகும். வெளிச்சம் அதிகம் என்று நினைத்து, வெள்ளைப் பனியைச் சாம்பல் நிறமாக்கிவிடும். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். சூரியன் படத்துக்குள் வந்துவிட்டால் கதை வேறு. அப்போது வானத்துக்குத் தக்கபடி வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். மரங்கள் கன்னங்கரேல் என்று விழும். விழட்டும், அதுதான் அழகு!

குளிர்சாதன அறையில் வைத்திருந்த காமிராவை அப்படியே வெளியே கொண்டுவந்தால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும். அரை மணி நேரம் முன்பே பைக்குள் வைத்தபடி வெளியே எடுத்து வைப்பது நல்லது.

முக்காலியைப் படகில் ஏற்றிப் பயன் இல்லை. படகு ஆடும்போது முக்காலியும் ஆடும். வேகமாகத் திறந்து மூடும்படி, நொடியில் 250-ல் ஒரு பங்குக்குக் காமிராவை வைத்தால் படம் கலங்காது.

எழுந்து ஓடாதீர்கள்

யானையோ காட்டெருமையோ கரையில் தெரிந்தால், எல்லோருக்கும் அந்தப் பக்கம் ஓடத் தோன்றும். தோன்றுவது இயல்பு. ஆனால் படகுக்கு அது ஆகாது. 2009 செப்டம்பர் 30-ந் தேதி இந்த ஏரியில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் சாய்ந்ததாக அப்போது செய்தி வந்தது. உயிர்காப்புச் சட்டை கழுத்தை உறுத்தினாலும், காமிரா வாருக்கு இடைஞ்சலாக இருந்தாலும், அதைக் கழற்றக் கூடாது. உட்கார்ந்த இடத்திலிருந்து கிடைக்கும் படம் போதும்.

யானை கிடைக்காவிட்டாலும் நீர்க்காகம் கிடைக்கும். மீன் பிடித்துவிட்டு வந்து, மொட்டை மரத்தில் உட்கார்ந்து, இரண்டு சிறகையும் விரித்து வெயிலில் காயவைக்கும். அவசரமே படாது. முதல் தடவை காமிரா பிடிக்கிற பையன்கூட அதை நிதானமாக எடுத்துவிடலாம்.