மயில்கழுத்துக் கலரில் ஒரு பூசணிக்காய்!

மகனோ மகளோ அமெரிக்காவில் இருக்கிறார்களா? பேரன் பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் போய்த் தங்கிவிட்டு வருகிற அம்மாக்களில் நீங்களும் ஒருவரா? அக்டோபர் கடைசியில் அங்கே இருக்க நேர்ந்தால், தெருவைப் பார்த்ததும் கொஞ்சம் திகைத்துத்தான் போவீர்கள். வாசலுக்கு வாசல் பூசணிக்காய், மரத்தில் தொங்கும் எலும்புக்கூடு, ஜன்னலில் சிலந்தி வலை... ‘இதென்ன, நம்ம ஊர் திருஷ்டிப் பூசணி மாதிரி இருக்கே!’ என்று நினைப்பீர்கள்.

இதுதான் ஹாலோவீன். அக்டோபர் 31-ந் தேதி சாயங்காலம் குழந்தைகள் பேய், சூனியக்காரி, ராஜகுமாரி என்று வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பார்கள். 2024-ல் நம் தீபாவளியும் இதே தேதியில்தான் வந்தது.

அந்தச் சமயத்தில் எல்லா வாசலிலும் இருக்கிற ஆரஞ்சுப் பூசணிகளுக்கு நடுவே, எங்கேயாவது ஒரு வீட்டில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு பூசணி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். பெயின்ட் தப்பாக அடித்துவிட்டார்களோ என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. அதையே உல்லன் நூலில் நீங்களே பின்னி வாசலில் வைக்கலாம். எப்படி, எதற்காக என்று பார்ப்போமா?

டர்னிப்பில் ஆரம்பித்த கதை

ஹாலோவீன் அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கத்துப் பண்டிகை. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குகிற அந்த ராத்திரியில் ஆவிகள் உலாவும் என்பது அங்கத்திய கிராமத்து நம்பிக்கை. டர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே விளக்கு வைப்பார்கள். அப்படி ஒரு டர்னிப் முகத்தின் அச்சு வார்ப்பு அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்த்தால் நிஜமாகவே பயமாக இருக்கும்!

19-ம் நூற்றாண்டில் பிழைக்க அமெரிக்கா போன ஐரிஷ் மக்கள் இந்த வழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். அங்கே பூசணி தாராளமாக விளைந்தது, குடைவதும் சுலபம். அதனால் டர்னிப் போய் பூசணி வந்தது.

எல்லாக் குழந்தைக்கும் மிட்டாய் ஆகுமா?

வாசலில் வந்து பையை நீட்டுகிற குழந்தைகளில் சிலருக்கு அந்த மிட்டாய் விஷம் மாதிரி. அமெரிக்கக் குழந்தைகளில் சுமார் 8 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓர் உணவு அலர்ஜி இருப்பதாக 2018-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. வேர்க்கடலை, பால், முட்டை, முந்திரி, பாதாம், கோதுமை, சோயா, மீன், இறால், எள் என்று ஆளாளுக்கு ஒன்று ஆகாது. சாக்லேட்டிலும் மிட்டாயிலும் இவற்றில் பாதி அடங்கிவிடுகிறதே!

இங்கே நம் வீட்டுப் பெரியவர்கள் செய்கிற ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். “ஒண்ணே ஒண்ணு தின்னா என்ன ஆயிடும்? நாங்கள்லாம் கடலை மிட்டாய் தின்னு வளரலையா?” என்று குழந்தையின் கையில் திணிக்கிறோம். ஆசைதான். ஆனால், அலர்ஜி என்பது சாப்பிட்டுச் சாப்பிட்டுப் பழகிக்கொள்கிற விஷயம் இல்லை. உடம்பின் எதிர்ப்புசக்தி, கடலையில் இருக்கும் புரதத்தை எதிரி என்று தப்புக்கணக்குப் போட்டுச் சண்டைக்குக் கிளம்பிவிடுகிறது. அதற்கு ஒரு சின்னத் துணுக்கே போதும். தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி என்று ஆரம்பித்து, சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழல் இறுகி, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இதைத்தான் டாக்டர்கள் ‘அனஃபிலாக்சிஸ்’ என்கிறார்கள்.

இப்படிப்பட்ட குழந்தை ஹாலோவீன் அன்று என்ன செய்யும்? தெருவெல்லாம் சுற்றிவிட்டு வரும். வீட்டுக்கு வந்ததும் அம்மா பையைக் கொட்டி, ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிடுவாள். கடைசியில் பையில் மிஞ்சுவது ஒன்றோ, இரண்டோ...

இந்த ஏமாற்றத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 2012-ல் டென்னஸி மாநிலத்தில், உணவு அலர்ஜி உள்ளவர்களுக்கான ஓர் உள்ளூர் குழுவில் இது ஆரம்பித்தது. 2014-ல் ‘ஃபேர்’ என்ற உணவு அலர்ஜி அமைப்பு இதை நாடு முழுவதும் கொண்டுபோனது. ‘டீல் பம்ப்கின் ப்ராஜெக்ட்’ என்று பெயர். ‘டீல்’ என்றால் நம் பட்டுப்புடவைக் கடையில் சொல்கிற மயில்கழுத்துக் கலர். அந்த நிறப் பூசணி வாசலில் இருந்தால், ‘இந்த வீட்டில் தின்பண்டம் இல்லாத பரிசும் உண்டு. தைரியமாக வா கண்ணா!’ என்று அர்த்தம்.

பின்ன ஆரம்பிக்கலாமா?

உல்லன் பின்னலில் ‘நிட்’ என்கிற நேர்ப் பின்னல் மட்டும் தெரிந்தால் போதும்.

தேவையானவை: நடுத்தர கனமுள்ள அக்ரிலிக் நூல் மயில்கழுத்து நிறத்தில் 50 கிராம், காம்புக்குக் கொஞ்சம் பழுப்பு நூல், 4.5 மி.மீ. ஊசி ஒரு ஜோடி, பெரிய காது உள்ள தையல் ஊசி, பாலியெஸ்டர் பஞ்சு.

1. ஊசியில் 30 கண்ணி போடுங்கள். அகலம் ஏறக்குறைய 16 செ.மீ. வரும்.

2. எல்லா வரிசையையும் நேர்ப் பின்னலாகவே போட்டுக்கொண்டு போங்கள். 32 செ.மீ. நீளம் வந்ததும் கண்ணிகளை முடித்துவிடுங்கள்.

3. ஆரம்பித்த ஓரத்தையும் முடித்த ஓரத்தையும் சேர்த்துத் தையுங்கள். ஒரு குழாய் கிடைக்கும். பின்னலில் விழுந்த வரிகள் இப்போது மேலும் கீழுமாக நிற்கும். அவைதான் பூசணியின் வரிகள்!

4. ஒரு பக்க வாயில் நூலை ஓட்டி, சுருக்குப் பை மாதிரி இழுத்து முடிச்சுப் போடுங்கள். பஞ்சைத் திணித்து, மறுபக்கத்தையும் இதே மாதிரி மூடுங்கள்.

5. நீளமான நூலை அடியின் நடுவிலிருந்து மேல் நடுவுக்குக் குத்தி இழுத்தால், பூசணி கொஞ்சம் அமுங்கி உட்காரும். அதே நூலை வெளிப்பக்கமாக ஆறு அல்லது எட்டு முறை சுற்றி, ஒவ்வொரு முறையும் நடுவில் குத்தி இழுங்கள். சுளை சுளையாகப் பிரிந்துவிடும்.

6. பழுப்பு நூலில் 8 கண்ணி போட்டு 5 செ.மீ. பின்னி, பாய் மாதிரி சுருட்டி, உச்சியில் வைத்துத் தையுங்கள். காம்பு ரெடி!

அவசரமே வேண்டாம். அரை மணிக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்து, விரல்களை விரித்து மடக்கி, கழுத்தையும் தோளையும் தளர்த்திக்கொள்ளுங்கள். ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் மணிக்கட்டு நரம்பு அழுந்துகிறது என்று சந்தேகிக்க வேண்டும். கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

அழகோடு ஜாக்கிரதையும்!

* கடையில் கிடைக்கும் பஞ்சையே உபயோகியுங்கள். கனம் வரட்டும் என்று அக்ரூட் ஓட்டுப் பொடி அடைப்பவர்கள் உண்டு. கொட்டைப் பருப்பு அலர்ஜி உள்ள குழந்தை தொடுகிற பொருளில் அது வேண்டாமே.

* கண்ணுக்குப் பட்டன் தைக்காமல் கறுப்பு நூலால் எம்பிராய்டரி போடுங்கள். சின்னக் குழந்தை பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையில் அடைக்கும்.

* பக்கத்தில் மெழுகுவர்த்தி கூடாது. அக்ரிலிக் நூல் உருகி எரியும். பேட்டரி விளக்கு வைத்தால், அதன் மூடி ஸ்குரூ போட்டு இறுக்கியதாக இருக்கட்டும். பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய அவசரம் அது.

கிண்ணத்தில் என்ன வைப்பது?

பூசணியை மட்டும் வைத்துவிட்டு, கேட்டு வந்த குழந்தைக்குச் சாக்லேட்டை நீட்டினால் பிரயோஜனம் இல்லை. இரண்டு கிண்ணம் வையுங்கள். ஒன்றில் மிட்டாய், இன்னொன்றில் பென்சில், ஸ்டிக்கர், சோப்புக் குமிழி ஊதும் குப்பி மாதிரி சாமான்கள். மிஞ்சின நூலில் எலுமிச்சை அளவு குட்டிப் பூசணிகள் பின்னிப் போட்டால் இன்னும் விசேஷம். பிசைந்து விளையாடும் மாவு வேண்டாம். சிலவற்றில் கோதுமை கலந்திருக்கும்.

இரண்டையும் ஒரே கையால் மாற்றி மாற்றி எடுக்காதீர்கள். கடலை மிட்டாய் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஸானிடைசர் தடவினால் போகாது.

பெரிய சாக்லேட்டில் கடலை இல்லை என்று போட்டிருந்தால், அதே பெயரில் வரும் குட்டி சாக்லேட்டிலும் இருக்காது என்று நம்பிவிடாதீர்கள். சேர்மானம் மாறலாம். குட்டிப் பொட்டலத்தில் அந்த விவரமே அச்சடிக்காமல்கூட இருப்பார்கள்.

ஒருவேளை ஏதாவது ஆகிவிட்டால்? குழந்தையின் பையில் அட்ரினலின் ஊசிப் பேனா இருக்கும். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி அதைத் தொடையின் வெளிப்பக்கம் உடனே போட்டுவிட்டு, 911-க்கு போன் செய்ய வேண்டும். ‘அலர்ஜி மாத்திரை கொடுத்துப் பார்ப்போம்’ என்று காத்திருக்கக் கூடாது. அந்தப் பேனாவை எப்படிப் பிடிப்பது என்று போன அன்றைக்கே மகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்த தடவை பெட்டி கட்டும்போது எள்ளுருண்டையும் முந்திரி பக்கோடாவும் எடுத்து வைப்பதற்கு முன்னால், “குழந்தைக்கு எதுவும் ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரா?” என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். பெட்டியில் கொஞ்சம் இடம் விட்டு மயில்கழுத்து நூலும் ஒரு ஜோடி ஊசியும் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 31 சாயங்காலம் உங்கள் பூசணியைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, ஏதோ ஒரு வாண்டு தன் அம்மாவின் கையை விட்டுவிட்டு உங்கள் வாசலுக்கு ஓடிவரும். அந்த முகத்தைப் பாருங்கள்!