56 இருக்க வேண்டிய இடத்தில் 10

போன் திடீரென்று செத்துப்போனால் ‘கரன்ட் ஏறி இறங்கியதில் போயிருக்கும்’ என்று மின்வாரியத்தின் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். கையில் இருக்கும் கேபிளை யாரும் சந்தேகிப்பதில்லை.

கூகுள் பொறியாளர் பென்சன் லியுங், 2015 இறுதியிலிருந்து இணையத்தில் விற்கும் டைப்-சி கேபிள்களைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டுவந்தார். 2016 பிப்ரவரியில் ஒரு கேபிளைச் செருகியதுமே அவருடைய குரோம்புக் பிக்சல் மடிக்கணினியின் இரண்டு டைப்-சி போர்ட்டுகளும் செயலிழந்தன. அணைத்துப் போட்டும் கணினி மீளவில்லை. இடையில் இணைத்திருந்த சோதனைக் கருவியும் கெட்டது. ஆராய்ந்தால், 5 வோல்ட் கம்பியும் கிரவுண்ட் கம்பியும் இடம்மாறிப் பற்றவைக்கப்பட்டிருந்தன.

இப்படி நேரும் எதிரும் தலைகீழாவது அபூர்வம். அதே கேபிளில் இருந்த இன்னொரு பிழைதான் அன்று பல கேபிள்களிலும் காணப்பட்டது. அதுவே எனக்கு அதிகக் கவலை தருகிறது.

ஒரு முனை பழைய அகலமான யூஎஸ்பி, மறுமுனை டைப்-சி. இத்தகைய கேபிளின் டைப்-சி தலைக்குள் கடுகளவு மின்தடை ஒன்று உண்டு. எவ்வளவு மின்னோட்டம் இழுக்கலாம் என்பதை போன் அதைப் பார்த்துத்தான் முடிவுசெய்கிறது. விதிப்படி அது 56 கிலோ ஓம் இருக்க வேண்டும்: ‘மறுமுனை பழையது, அளவாக எடு’ என்று பொருள். அங்கே 10 கிலோ ஓம் வைத்தால் ‘3 ஆம்பியர் வரை எடுக்கலாம்’ என்று பொருளாகிவிடும். மறுமுனையில் இருப்பதோ 500 மில்லி ஆம்பியருக்கு வடிவமைத்த பழைய கணினி போர்ட்டாக இருக்கலாம். போன் கேபிளை நம்பி ஆறு மடங்கு கேட்கும். வோல்டேஜ் ஏறவே இல்லை. ஆனால் கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடி வீதத்தில் கூடும் என்பதால், 6 மடங்கு மின்னோட்டத்துக்கு 36 மடங்கு சூடு. நல்ல போர்ட் தானே துண்டித்துக்கொள்ளும். பாதுகாப்புச் சுற்று இல்லாத மலிவுச் சார்ஜர் கருகும். விதியை மீறியது கேபிள், தண்டனை சார்ஜருக்கு!

2016 மார்ச்சில், தர விதிகளுக்கு உட்படாத டைப்-சி கேபிள்களை விற்க அமேசான் தடைவிதித்தது. நல்ல முடிவுதான். ஆனால், அட்டைப்பெட்டியைப் பார்த்து உள்ளே எந்த மின்தடை இருக்கிறதென்று கடையில் நிற்பவரால் கண்டுபிடிக்க முடியாது.

இரு முனையும் டைப்-சியாக உள்ள கேபிளில் இந்தச் சிக்கல் எழாது. அளவைச் சொல்வது சார்ஜரே. கேபிள் அந்தச் செய்தியைக் கடத்துகிறது, அவ்வளவுதான். 3 ஆம்பியரைத் தாண்டினால் கேபிளுக்குள் அடையாளச் சில்லு ஒன்று வேண்டும். சார்ஜரில் டைப்-சி துளை இருந்தால் இந்த வகையையே வாங்குங்கள். பழைய வகைதான் வேண்டுமென்றால், விவரக்குறிப்பில் ‘56 கே’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். செருகும் தலை தொட முடியாத அளவு சுட்டால் அந்தக் கேபிளைக் கழற்றி, குறுக்கே வெட்டிக் குப்பையில் போடுங்கள். வெட்டாமல் போட்டால் வீட்டில் வேறு யாராவது எடுத்து மறுபடி செருகிவிடுவார்கள்.