கடையில் செல்லாத நாணயம்

அதைக் கொடுத்து ஒரு குவளைத் தேநீர்கூட வாங்க இயலாது. சட்டையில் குத்திக்கொள்ள ஊசியில்லை. கழுத்தில் அணிய நாடாவும் இல்லை. எனினும் அமெரிக்கப் படைவீரர் பலர் தம் இல்லங்களில் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பேணும் பொருள் அது. ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு அங்குல அகலமுள்ள உலோக வில்லை. ஒரு பக்கம் படைப்பிரிவின் சின்னம். மறுபக்கம் அதன் முழக்கமோ தலைவரின் பதவியோ இருக்கும். ஜெனரல் ஒருவர் வழங்குவதாயின் அவருடைய பதவிக்குரிய நட்சத்திரங்களும் பொறிக்கப்பட்டிருக்கும். இதனைச் 'சவால் நாணயம்' என்பர்.

பெயருக்குக் காரணம் ஒரு விளையாட்டு. ஒருவர் தம் நாணயத்தை மேசைமீது ஓங்கித் தட்டினால், உடனிருக்கும் தோழர் அனைவரும் தத்தம் நாணயத்தைக் காட்ட வேண்டும். காட்ட இயலாதவர் எல்லாருக்கும் மது வாங்கித் தரவேண்டும். அனைவரும் காட்டிவிட்டாலோ செலவு சவால் விட்டவருடையது. நம் குடும்பங்களுக்கு இவ்விளையாட்டைப் பரிந்துரைக்க நாம் முன்வரவில்லை!

முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடமிருந்து தப்பி வந்த அமெரிக்க விமானி ஒருவரை, ஒற்றன் என்றெண்ணிப் பிரெஞ்சு வீரர்கள் சுட முனைந்தனராம். அவர் கழுத்துப் பையில் இருந்த வெண்கல வில்லையே உயிர் காத்ததாம். கதை இனிது, சான்றுதான் இல்லை. கொரியப் போரில் 17-ஆம் காலாட்படை ரெஜிமெண்டை நடத்திய கர்னல் வில்லியம் குவின், காட்டெருமை உருவம் பொறித்த நாணயங்களைத் தம் வீரருக்காகச் செய்வித்தார். 1960-களில் சிறப்புப் படையினரிடையே வேரூன்றிய இவ்வழக்கம், பின்னர் முப்படைகளுக்கும் பரவிற்று.

ஆயினும் நம் உள்ளத்தைத் தொடுவது அது கைமாறும் விதமே. அரசின் வீரப் பதக்கம் பெறப் பரிந்துரை எழுதப்பட வேண்டும். அது மேசை மேசையாக ஏறி இறங்கவேண்டும். இரவெல்லாம் விழித்து இயந்திரத்தைப் பழுது பார்த்தவருக்கும், அடுப்பங்கரையில் வெந்தவருக்கும் அத்தகைய பதக்கம் எங்கே கிடைக்கும்? படைத்தலைவர் நேரே அவரிடம் செல்கிறார், கை குலுக்குகிறார், உள்ளங்கையிலிருந்து உள்ளங்கைக்கு நாணயம் சேர்ந்துவிடுகிறது. மேடையுமில்லை, சொற்பொழிவுமில்லை. 2011 ஜூனில், பதவியிலிருந்து விடைபெறும் வேளையில் ஆப்கானிஸ்தான் சென்ற பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ், அங்கிருந்த வீரர்களுக்கு இவ்வாறே கைகுலுக்கி நாணயம் வழங்கினார். மரியாதை கீழிருந்து மேலே செல்வதையே கண்டு பழகிய நமக்கு, மேலிருந்து இறங்கி வரும் இம்மரியாதை சற்றுப் புதுமையாகவே தோன்றுகிறது.

கீழிருந்தும் அது செல்வதுண்டு. வீரர்கள் அளித்த நாணயங்களை ஜனாதிபதி கிளிண்டன் தம் அலுவலக மேசைக்குப் பின்னால் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். படைகளில் பணிபுரியும் ஆன்ம குருக்களின் நாணயங்கள் சிலவற்றில் அதிதூதர் மிக்கேலின் உருவத்தையும் காணலாம்.

இன்று இவை விலைக்கும் வருகின்றன. நான்கு நட்சத்திர ஜெனரலின் நாணயத்தைப் பணம் கொடுத்து வாங்கிச் சேர்ப்போர் உளர். சேகரிப்பு குற்றமன்று. ஆனால் அதைக் காணும் முதிய வீரர் "யார் தந்தார்?" என்று வினவினால், வாங்கியவர் என்ன சொல்வார்? இதனினும் வருந்தத்தக்கது வேறொன்று உண்டு. தந்தை இறந்தபின் பெட்டியைத் திறக்கும் பிள்ளைகளுக்கு, எந்த நாணயம் எதற்காகக் கிடைத்தது என்பது தெரிவதில்லை. பாட்டியின் தலையணையடியில் கிடந்த தேய்ந்த வேளாங்கண்ணி மாதா பதக்கம் யார் கொடுத்தது என்று கேட்காமலே இருந்துவிட்ட நமக்கு இது புரியும். தந்தவர் பெயர், இடம், நாள், காரணம் ஆகியவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதி நாணயத்தோடு வைப்பதற்கு எவ்வளவு நேரமாகும்?

இதனோடு உறவுடைய மற்றொரு வழக்கமும் அங்குண்டு. புதிதாகப் பதவியேற்கும் இளம் அதிகாரி, தமக்கு முதல் வணக்கம் செலுத்தும் வீரருக்கு வெள்ளி டாலர் ஒன்றைக் கையளிப்பார். அந்த முதல் வணக்கத்துக்குப் பலர் தமக்குப் பயிற்சியளித்த சார்ஜெண்டை அழைக்கின்றனர். படையில் பணிபுரிந்த தந்தையையோ பாட்டனாரையோ அழைப்போரும் உளர்.